டிஆர் பேனலில் படம் பளிச்சென்று வருகிறது, டாக்டர் மட்டும் திருப்பி அனுப்புகிறார்

பேட்டைக்காரன் (கேள்வி)

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர், அங்கே ஒரு ஸ்கேன் சென்டர். எக்ஸ்ரே பக்கம் நான் ஒருவன்தான். சமீபம் வரை சிஆர் கேசட்டில் (எடுத்த பிறகு ரீடரில் போட்டுப் படிக்கும் தட்டு) ஓட்டிக்கொண்டிருந்தோம். இப்போது முதலாளி பழைய மெஷினை அப்படியே வைத்துக்கொண்டு, 14-க்கு 17 இன்ச் வயர்லெஸ் டிஆர் பேனல் (கதிரை நேரடியாகப் படமாக்கும் பலகை) ஒன்றை மட்டும் வாங்கிப் போட்டிருக்கிறார். எக்ஸ்போஷர் கொடுத்த சில விநாடிகளில் படம் வந்துவிடுகிறது. கேசட்டைத் தூக்கிக்கொண்டு ரீடருக்கு ஓடும் வேலை இல்லை. அந்த வகையில் நிம்மதிதான்.

பிரச்சினை என்னவென்றால், ரிப்போர்ட் எழுதும் டாக்டர் (வெளியூரில் உட்கார்ந்து பார்க்கிறார்) செஸ்ட் படங்களைத் திருப்பி அனுப்புகிறார். இதயத்துக்குப் பின்னால் எல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது, முதுகெலும்பு தெரியவே இல்லை என்கிறார். எங்கள் ஸ்கிரீனில் பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. முதலாளிக்கும் அதே எண்ணம்தான். “இவ்வளவு தெளிவா வருது, இன்னும் என்ன வேணுமாம் அவருக்கு?”

செஸ்ட் பிஏ (முதுகுப் பக்கமிருந்து கதிர் விட்டு எடுக்கும் நெஞ்சுப் படம்) கொடுப்பது 180 செ.மீ. தூரம், 75 கேவி (கதிரின் ஊடுருவும் வலு), 8 எம்ஏஎஸ் (கதிரின் அளவு, எம்ஏவை நேரத்தால் பெருக்கியது). பழைய மெஷின் என்பதால் 100 எம்ஏ (டியூப் கரண்ட்) ஸ்டேஷனில் வைத்துத்தான் பழக்கம். ஸ்டாண்டில் கிரிட் (சிதறும் கதிரைத் தடுக்கும் ஈயக் கோட்டுத் தகடு) இருக்கிறது. படத்தின் ஓரத்தில் ஈஐ (பேனலுக்கு வந்த எக்ஸ்போஷரைக் காட்டும் எண்) 130, டிஐ (இலக்கில் இருந்து விலகல்) -2.8 என்று வருகிறது. குண்டான ஆட்களுக்கு ஈஐ 90 வரை இறங்குகிறது. அதே மெஷினில் லம்பார் ஸ்பைன் ஏபி, அதாவது முன்பக்கமிருந்து எடுக்கும் கீழ் முதுகெலும்புப் படம் (80 கேவி, 40 எம்ஏஎஸ்) எடுத்தால் ஈஐ 620, டிஐ +3.9. அந்தப் படத்தை யாரும் குறை சொன்னதில்லை, நன்றாக இருக்கிறது என்றே சொல்கிறார்கள். இன்னொரு குழப்பம், சில செஸ்ட் படங்களில் டிஐ பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஆனாலும் அதே புள்ளிகள்.

அப்புறம் இரண்டு விஷயம். கிரிட் போட்டு எடுத்த படத்தில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன, பெரிதாக்கினால் குறைகின்றன. இடுப்பு மாற்று அறுவை செய்த ஒருவருக்கு எடுத்த படத்தில் உலோகத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வரி. ஆர்த்தோ டாக்டர் பார்த்துவிட்டு, கம்பி ஆடிவிட்டதா என்று கேட்டு ஆளை மறுபடி அனுப்பிவிட்டார்.

ஏஇஆர்பிக்காக (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) எடுக்கும் கியூஏ (தர உறுதி) டெஸ்ட் எல்லாம் பாஸ். எங்கே தொடங்குவது?

பேனல் மெக்கானிக்

சர்வீஸ் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எக்ஸ்போஷரைத் தொடுவதற்கு முன், அந்தப் புள்ளி எந்த வகை என்று பிரித்துவிடுங்கள். பேனலின் மேல் ஒரே சீரான பொருள் எதையாவது வையுங்கள். அலுமினியத் தகடு இருந்தால் நல்லது, இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய சதுர பிளாஸ்டிக் கேன் போதும். எதையும் அசைக்காமல் ஒரே ஃபேக்டரில் (அதே கேவி, எம்ஏஎஸ்) இரண்டு படம் எடுத்து, ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புள்ளிகள் இரண்டு படத்திலும் அதே இடத்தில் இருந்தால் பேனல் கேலிப்ரேஷன் போய்விட்டது என்று பொருள். ஆஃப்செட் (கதிர் இல்லாமல் எடுப்பது), கெயின் (சீரான கதிரில் எடுப்பது) இரண்டும் திரும்ப எடுக்க வேண்டும், செத்த பிக்சல் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும். கெயின் எடுக்கும்போது கிரிட்டைக் கழற்றிவிடுங்கள். கிரிட்டோடு எடுத்தால் அதன் நிழலும் கணக்கில் சேர்ந்து எல்லாப் படத்திலும் ஒட்டிக்கொள்ளும். பேனல் சூடாகி நிலைக்கு வந்த பிறகு எடுங்கள். காலையில் ஏசி போட்டவுடன் எடுத்த கேலிப்ரேஷன் மத்தியானம் பொருந்தாமல் போவதுண்டு.

புள்ளிகள் இடம் மாறினால் பேனலைக் குறை சொல்லிப் பயன் இல்லை, அதற்கு வரும் கதிர் போதவில்லை.

டார்க்ரூம் அக்கா

தம்பி, மேலே சொன்ன டெஸ்டைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் நீங்கள் கொடுத்த எண்களைப் பார்த்தாலே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. நான் டெவலப்பரில் கை நனைத்து இந்த வேலையைக் கற்றவள். சிவப்பு விளக்குக் காலத்தில் தொடங்கி, சிஆர், டிஆர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். டிஆர் ஸ்கிரீனில் படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதற்கும், நீங்கள் எவ்வளவு எக்ஸ்போஷர் கொடுத்தீர்கள் என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. ஃபிலிமில் சம்பந்தம் இருந்தது. கூடினால் கறுத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். டெவலப்பரில் இருந்து தூக்கும்போதே நமக்குத் திட்டு விழும். டிஆரில் சாஃப்ட்வேர் என்ன செய்கிறது? பேனலில் விழுந்த அளவுகளை எல்லாம் எந்த அளவு எத்தனை இடத்தில் என்று ஹிஸ்டோகிராமாகப் போட்டு, அதில் உடம்பு எது, வெறும் கதிர் எது, கோலிமேட்டர் (கதிர் விழும் இடத்தைக் குறுக்கும் கதவு) மறைத்த பகுதி எது என்று பிரிக்கிறது. உடம்புப் பகுதியை மட்டும் எடுத்து, நாம் தேர்ந்த புரோகிராமுக்கு ஏற்ற வெளிச்சத்துக்கு இழுத்து வைக்கிறது. பாதி டோஸ் கொடுத்தாலும் அதே வெளிச்சம்தான், மூன்று மடங்கு கொடுத்தாலும் அதே வெளிச்சம்தான். உங்கள் முதலாளி பார்த்து மகிழ்வது அந்த இழுப்பை.

இழுக்கலாம், ஆனால் இல்லாத கதிரைக் கொண்டுவர முடியாது. மழை தொடங்கும்போது மொட்டைமாடியைப் பார்த்திருப்பீர்கள். சொட்டு விழுந்த இடம் ஈரம், பக்கத்தில் காய்ந்த தரை. கொட்டித் தீர்த்தால்தான் தரை ஒரே சீராக நனையும். பேனலுக்கு வரும் போட்டான் (கதிர்த் துகள்) குறைவாக இருந்தால் அப்படித்தான் திட்டுத் திட்டாக விழும், அதைத்தான் உங்கள் டாக்டர் புள்ளி என்கிறார். டோஸைப் பாதியாக்கினால் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் (இந்தப் புள்ளிதான்) உள்ள விகிதம் சுமார் 0.7 மடங்காக இறங்கும், வர்க்கமூலக் கணக்கு. நுரையீரலில் காற்று இருப்பதால் அங்கே எப்படியும் நிறையக் கதிர் வந்துவிடும், குறை தெரியாது. இதயத்துக்குப் பின்னால் அதில் ஒரு சிறு பங்குதான் வந்து சேரும். அதனால் பஞ்சம் முதலில் அங்கேதான் தெரியும். அந்த இடத்தில்தான் கீழ் மடலின் நிமோனியா ஒளிந்திருக்கும், சில சமயம் கட்டியும்.

இப்போது ஈஐக்கு வருவோம். நீங்கள் சிஆரில் இருந்து வந்தவர் என்பதால் இங்கே ஒரு குழி இருக்கிறது. ஃபியூஜி வகை சிஆரில் எஸ் நம்பர் பார்த்திருப்பீர்கள். அது தலைகீழ் எண். 200 என்றால் பிளேட்டுக்குச் சுமார் 1 மில்லிரான்ட்ஜன், 400 என்றால் அதில் பாதி. எண் ஏறினால் எக்ஸ்போஷர் குறைவு. கோடாக் வேறு கணக்கு வைத்திருந்தது, அதில் 300 கூடினால் இரட்டிப்பு. அக்ஃபாவுக்கு லாக் கணக்கு. ஆளாளுக்கு ஒரு அளவுகோல். இந்தக் கூத்தை நிறுத்த 2008-ல் ஐஇசி 62494-1 என்ற பொதுத் தரம் வந்தது. அதன்படி ஈஐ 100 என்றால் பேனலுக்கு 1 மைக்ரோகிரே (கதிர் அளவின் அலகு). எண் ஏறினால் எக்ஸ்போஷரும் ஏறும், நேர்க்கணக்கு. உங்கள் 130 என்பது 1.3 மைக்ரோகிரே. டிஐ என்பது இலக்கில் இருந்து எவ்வளவு விலகல் என்று சொல்லும் லாக் எண். +3 என்றால் இலக்கைப் போல இரண்டு மடங்கு, -3 என்றால் பாதி. உங்கள் ஈஐ 130-க்கு டிஐ -2.8 வருகிறது என்றால், உங்கள் சிஸ்டத்தில் செஸ்டுக்கான இலக்கு 250 என்று வைத்திருக்கிறார்கள். வேண்டியதில் பாதிதான் கொடுக்கிறீர்கள். குண்டான ஆளுக்கு 90 என்றால் டிஐ -4.4, மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான்.

சரி, ஸ்பைனுக்கு வாருங்கள். எனக்குச் செஸ்டை விட இதுதான் உறுத்துகிறது. +3.9 என்றால் தேவையைப் போல இரண்டரை மடங்கு. யாரும் குறை சொல்லவில்லை என்கிறீர்கள். எப்படிச் சொல்வார்கள்? டோஸ் கூடினால் படம் வழவழவென்று அழகாகத்தான் வரும். குறைந்தால் டாக்டர் போன் போடுவார், கூடினால் பாராட்டுவார். இந்தப் பாராட்டில் மயங்கி எல்லாச் சென்டரிலும் எம்ஏஎஸ் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். டோஸ் க்ரீப் என்பார்கள். பட்டது யார் என்றால் வாய் திறக்காமல் படுத்திருந்த பேஷண்ட். என் மாணவர்களிடம் நான் சொல்வது, யாராவது உன் படத்தைப் புகழ்ந்தால் முதலில் டிஐயைப் பார். உங்கள் 40 எம்ஏஎஸ்ஸை 32, 25, பிறகு 20 என்று இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் டாக்டரிடம் காட்டிக்கொண்டே இறக்குங்கள், அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

செஸ்டுக்கு உடனே எம்ஏஎஸ்ஸை இரட்டிப்பாக்கக் கை போகும். போக வேண்டாம். கேவியை ஏற்றுங்கள். கிரிட் வைத்துக்கொண்டு 75 கேவியில் செஸ்ட் எடுப்பது ஃபிலிம் காலத்து மிச்சம். 1996-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியே செஸ்ட் பிஏக்கு 125 கேவி, எக்ஸ்போஷர் நேரம் 20 மில்லிசெகண்டுக்குள் என்கிறது. 15 சதவீதக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? கேவியை 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். 75, 86, 99, 114 என்று மூன்று படி ஏறினால் 8 எம்ஏஎஸ் 1-க்கு வந்துவிடும். நமக்குப் பேனலில் இரட்டிப்பு வேண்டும் என்பதால் 110 கேவி, 2 அல்லது 2.5 எம்ஏஎஸ்ஸில் தொடங்குங்கள். தோராயக் கணக்குதான், அதே தண்ணீர் கேனை வைத்து ஈஐ பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பழைய மெஷின் என்பதால் டியூப் ரேட்டிங் சார்ட்டை (டியூப் எவ்வளவு தாங்கும் என்ற அட்டவணை) பார்க்காமல் ஏற்றாதீர்கள். 200 எம்ஏ ஸ்டேஷனுக்குப் போனால் 2.5 எம்ஏஎஸ் 12 மில்லிசெகண்ட் சொச்சத்தில் முடிந்துவிடும். இப்போது உங்கள் 100 எம்ஏயில் 8 எம்ஏஎஸ் என்றால் 80 மில்லிசெகண்ட், அதற்குள் இதயத்தின் ஓரம் அசைந்துவிடும். இன்னொரு லாபம், கேவியின் வர்க்கத்தை எம்ஏஎஸ்ஸால் பெருக்கிப் பாருங்கள். பேனலுக்கு அதிகம் கிடைத்தும் பேஷண்டின் தோலுக்குப் போவது பழையதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

கேவி ஏறினால் காண்ட்ராஸ்ட் போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஃபிலிமில் அது பாதி நியாயம். இங்கே காண்ட்ராஸ்டைப் பிராசசிங்கில் தூக்கிக்கொள்ளலாம், நாய்ஸை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

டிஐ பூஜ்யமாக இருந்தும் புள்ளி வருகிறதே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அந்தப் படங்களில் கோலிமேட்டர் திறந்து கிடந்ததா என்று பாருங்கள். உடம்பைத் தாண்டிப் பேனலில் நேராக விழும் கதிரைச் சாஃப்ட்வேர் ஒதுக்கத் தவறினால், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஈஐயைத் தூக்கிக் காட்டும். ஒல்லியான ஆள், திறந்த கோலிமேட்டர் என்றால் இது அடிக்கடி நடக்கும். இடுப்பில் பெரிய உலோகம் இருந்தாலும், படத்துக்குள் ஈய ஷீல்டு நுழைந்தாலும், புரோகிராம் மாறிப்போனாலும் அந்த எண் ஏமாற்றும். எண் எந்தப் பகுதியில் இருந்து வந்தது என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது. பேஷண்டுக்குப் போன டோஸும் அது அல்ல. ஒல்லி, குண்டு இருவருக்கும் டிஐ பூஜ்யமாக வந்தாலும் குண்டான ஆள் வாங்கியது பல மடங்கு.

அப்புறம், தயவுசெய்து கோலிமேட்டரைத் திறந்து வைத்து எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஓரத்தை வெட்டும் வேலை வேண்டாம். குழந்தைக்குச் செஸ்ட் எடுக்கும்போது வயிறு முழுக்கக் கதிர் போயிருக்கும், வெட்டிய படத்தில் அது தெரியாது.

டிஐ எவ்வளவு விலகினால் ரிப்பீட் என்று கேட்பீர்கள். ஏஏபிஎம் (அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம்) 2009-ல் தந்த அறிக்கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அரைக்குள் இருந்தால் இலக்கு, -1-க்குக் கீழே போனால் டாக்டரைக் கேள், -3-க்குக் கீழே என்றால் ரிப்பீட், கூடிப்போனால் வேண்டிய பகுதி அழிந்திருந்தால் மட்டுமே ரிப்பீட். பாடத்துக்கு அது சரி. நிஜ டிபார்ட்மென்டில் ஏஇசி (எக்ஸ்போஷரைத் தானே நிறுத்தும் வசதி) இருக்கிற மெஷினில்கூட டிஐ அவ்வளவு ஒழுங்காக நிற்பதில்லை. ஒரு படத்தின் டிஐயைப் பார்த்துப் பதறாதீர்கள், வாரம் முழுக்க எழுதிவைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். எண் மோசமாக இருந்தும் டாக்டரின் கேள்விக்குப் படத்தில் விடை இருந்தால் ரிப்பீட் எதற்கு?

கியூஏ பாஸ் என்கிறீர்கள். அதில் கேவி சரியா, டைமர் சரியா, லீக்கேஜ் உண்டா, வெளிச்சமும் கதிரும் ஒரே இடத்தில் விழுகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். அவசியமானவைதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிறவர் நீங்கள் செஸ்டுக்கு என்ன ஃபேக்டர் வைக்கிறீர்கள் என்று பார்க்கப் போவதில்லை.

கோடு, கறுப்பு வரி இரண்டுக்கும் வேறு யாராவது எழுதட்டும். எழுதாவிட்டால் நான் வருகிறேன்.

ரிப்போர்ட் மேசை

நானும் உங்கள் டாக்டரைப் போல வெளியில் இருந்து ரிப்போர்ட் எழுதுகிறவன், ரேடியாலஜிஸ்ட். அக்கா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கொஞ்சம்.

அந்தக் கறுப்பு வரி பெரும்பாலும் பிராசசிங் செய்த வேலை. ஓரங்களைக் கூர்மையாக்க, சாஃப்ட்வேர் படத்தின் மங்கலான நகல் ஒன்றை எடுத்து அசலில் இருந்து கழித்து, மிச்சத்தைப் பெருக்கித் திரும்பச் சேர்க்கும். உலோகமும் எலும்பும் சேரும் இடத்தில் அடர்த்தி திடீரென்று மாறுவதால் அங்கே அது எகிறிப்போய், உலோகத்தை ஒட்டிக் கறுப்பாக ஒரு விளிம்பு போட்டுவிடும். உண்மையில் ஆடிப்போன கம்பியிலும் கறுப்பு வரி வரும் என்பதுதான் வில்லங்கம். நான் பிரிப்பது இப்படி. பிராசசிங் வரி உலோகத்தைச் சுற்றி ஒரே அகலத்தில் ஓடும், எலும்புக்கு வெளியே தசைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத்தைச் சுற்றியும் இருக்கும். தசைக்குள் எது ஆடுவது? உண்மையான வரி எலும்புக்குள் மட்டும் இருக்கும், இடத்துக்கு இடம் அகலம் மாறும், வெளி ஓரத்தில் பெரும்பாலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இருக்கும், பழைய படத்தோடு வைத்தால் வளர்ந்திருக்கும். 2 மி.மீ.க்கு மேல் போனால் நாங்கள் சீரியஸாக எடுத்துக்கொள்வோம். அந்தப் பேஷண்டை மறுபடி படுக்க வைக்காதீர்கள். அதே படத்தை எட்ஜ் என்ஹான்ஸ்மென்டைக் குறைத்து மறுபடி பிராசஸ் செய்து அனுப்புங்கள். வரி காணாமல் போனால் விஷயம் முடிந்தது. ஆனால் மறு பிராசசிங்குக்கு மூலத் தரவு வேண்டும், அது உங்கள் ஒர்க்ஸ்டேஷனில் கொஞ்ச நாள்தான் இருக்கும். ஆகவே சீக்கிரம் செய்யுங்கள்.

விற்க வருகிறவர்கள் டெமோவில் படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அந்த ஸ்லைடர்களை ஏற்றி வைத்துவிட்டுப் போவது எனக்குத் தெரிந்த கதை. செஸ்டில் அது கெடுதல். கூர்மை கூடினால் சாதாரண ரத்தக்குழாய்கூட நுரையீரல் முழுக்க வலை விரித்த மாதிரி தெரியும், இல்லாத ஐஎல்டியை (நுரையீரல் திசு நோய்) நான் ரிப்போர்ட் செய்துவிட வாய்ப்பு உண்டு. மறுபக்கம், புள்ளியை மறைக்க நாய்ஸ் ரிடக்ஷனை ஏற்றினால் மிலியரி டிபியின் (சிறு முடிச்சுகளாகப் பரவும் காசநோய்) 1 முதல் 3 மி.மீ. முடிச்சுகள் மங்கிப்போகும். நம் ஊரில் அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே புள்ளியை ஸ்லைடரால் துடைக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன், அவருக்குப் படம் எப்படிப் போகிறது? டைகாமாகவா (மருத்துவப் படங்களுக்கான பொது வடிவம்), ஜேபெக்கா, வாட்ஸ்அப்பிலா? உங்கள் பேனல் 0.14 மி.மீ. பிக்சல் என்றால் ஒரு முழுப் படம் சுமார் 2500-க்கு 3000 பிக்சல், பெரும்பாலும் 12 பிட் ஆழம், அதாவது 4096 படிகள். ஜேபெக்காக்கினால் 256 படிகள். விண்டோவை (காட்டும் வெளிச்ச வரம்பை) இழுத்து இதயத்துக்குப் பின்னால் பார்க்கும் வசதி அங்கேயே போய்விட்டது. வாட்ஸ்அப் அதையும் சுருக்கும். மானிட்டரை செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறவர்களைப் பற்றி நான் இங்கே எழுதினால் அட்மின் என்னைத் தூக்கிவிடுவார்.

உங்கள் ஸ்கிரீனில் நன்றாகத் தெரிகிறது என்பதையும் நம்பாதீர்கள். ரிப்போர்ட் எழுதும் மானிட்டருக்கு அமெரிக்கச் சங்கங்கள் சொல்வது குறைந்தது சதுர மீட்டருக்கு 350 கேண்டெலா வெளிச்சம், மேமோகிராஃபிக்கு 420. அதோடு டைகாமின் 14-ஆம் பாகம் சொல்லும் சாம்பல் அளவுகோலுக்கு அதைச் சரிசெய்திருக்க வேண்டும். கவுண்டரில் இருக்கும் ஆபீஸ் மானிட்டரில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு, இருட்டுப் பகுதிகள் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். டிஜி18 அல்லது எஸ்எம்பிடிஇ டெஸ்ட் பேட்டர்ன் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கறுப்புச் சதுரத்துக்குள் 5 சதவீதச் சதுரமும், வெள்ளைக்குள் 95 சதவீதச் சதுரமும் தனியாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்த மானிட்டரில் படத்தின் தரத்தை முடிவு செய்யக் கூடாது.

பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

தண்ணீர் கேன் வைத்து இரண்டு படம் எடுத்தேன். புள்ளிகள் இடம் மாறுகின்றன, ஆக பேனல் மேல் பழி இல்லை. செஸ்டை 110 கேவி, 200 எம்ஏ, 2.5 எம்ஏஎஸ்ஸுக்கு மாற்றினேன். சார்ட் அனுமதிக்கிறது. இப்போது டிஐ பெரும்பாலும் -1-க்கும் +1-க்கும் நடுவில் நிற்கிறது. டாக்டர் நேற்று முதுகெலும்பு தெரிகிறது என்று மெசேஜ் போட்டார். ஸ்பைனை 25 எம்ஏஎஸ் வரை இறக்கியாகிவிட்டது, இன்னும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்த இடுப்புப் படத்தை என்ஹான்ஸ்மென்டைக் குறைத்து மறுபடி பிராசஸ் செய்து பார்த்தேன். வரி போய்விட்டது. ஆர்த்தோ டாக்டரிடம் இரண்டையும் சேர்த்தே காட்டினேன்.

படம் போவது ஜேபெக்கில்தான். இணைய வேகம் போதாது என்று முன்பு அப்படி ஏற்பாடு. டைகாமுக்கு மாற்ற முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.

மிச்சம் கோடுதான். 110 கேவிக்கு மாறிய பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது! ஸ்டாண்டில் இருப்பது அசையும் பக்கி (எக்ஸ்போஷரின்போது கிரிட்டை நகர்த்தும் பெட்டி), கிரிட்டில் 40 என்று எழுதியிருக்கிறது. பேனலின் பிக்சல், இங்கே டாக்டர் சொன்னபடி, 0.14 மி.மீ.தான். கடையில் கேட்டால் 70 கோடு கிரிட் வாங்கிப் போடுங்கள், கோடு மெல்லிசாகிக் கண்ணுக்கே தெரியாது என்கிறார்கள். வாங்கலாமா?

டார்க்ரூம் அக்கா

பணத்தை எடுத்து உள்ளே வையுங்கள் தம்பி. கடைக்காரர் சொல்வது ஃபிலிமுக்குப் பொருந்தும். பேனலுக்கு அப்படியே பொருந்தாது.

உங்கள் பேனல் ஒரு மில்லிமீட்டருக்கு 7.14 இடத்தில் அளவெடுக்கிறது. அதில் பாதி, அதாவது 3.57 ஜோடிக் கோடு வரைதான் அதனால் உண்மையாகப் பதிய முடியும். 40 கோடு கிரிட் என்றால் செ.மீ.க்கு 40, மி.மீ.க்கு 4. வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. தாண்டியது அப்படியே மறையாது, 7.14-இல் 4 போக 3.14 என்ற பொய்யான கோடாக மடங்கி வந்து நிற்கும். அது நெருக்கமான கோடு, முழு அளவில் பார்த்தால் அவ்வளவாக உறுத்தாது. ஆனால் 3000 பிக்சல் படத்தை 1000 பிக்சல் உயர ஸ்கிரீனில் சுருக்கிக் காட்டும்போது இன்னொரு முறை மடங்கி, அகலமான கோடாகத் தெரியும். பெரிதாக்கினால் குறைகிறது என்று நீங்கள் சொன்னதன் காரணம் அதுதான்.

இப்போது 70 கோட்டை வைத்துப் பாருங்கள். மி.மீ.க்கு 7. பேனலின் 7.14-க்கும் அதற்கும் வித்தியாசம் 0.14தான். ஏறக்குறைய 7 மி.மீ.க்கு ஒரு பட்டை என்று நுரையீரல் முழுக்க அகலமாக ஓடும். அதை எந்த ஃபில்டரும் சுலபமாகப் பிரித்தெடுக்காது, ஏனென்றால் அந்த அளவில்தான் விலா எலும்பும் ரத்தக்குழாயும் இருக்கின்றன. கிரிட் வாங்குவதாக இருந்தால் பேனல் கம்பெனியிடம் இந்தப் பிக்சலுக்கு எத்தனை கோடு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

110 கேவிக்குப் போனதும் கோடு ஏன் கூடியது? நேரம் சுருங்கிவிட்டது. பக்கி அசைவதே கோட்டைக் கலைக்கத்தான். 80 மில்லிசெகண்டில் கிரிட் ஓரளவு தூரம் நகர்ந்திருக்கும், 12 மில்லிசெகண்டில் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. பழைய பக்கி என்றால் மோட்டார் தளர்ந்து போயிருக்கவும் கூடும். கவரைக் கழற்றி, எக்ஸ்போஷர் சிக்னல் வந்தவுடன் கிரிட் கிளம்புகிறதா, முழு வேகம் எடுத்த பிறகு கதிர் வருகிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். கதிர் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்க வழி உண்டு. பக்கி சரியாகிற வரைக்கும் எம்ஏவை 100-க்கு இறக்கி 25 மில்லிசெகண்ட் கொடுங்கள். வழிகாட்டி சொன்ன 20-ஐ சற்றுத் தாண்டும், பரவாயில்லை. மறுபடி 80-க்கு மட்டும் போகாதீர்கள்.

உங்கள் ஒர்க்ஸ்டேஷனில் கிரிட் சப்ரஷன் என்று ஒரு வசதி இருக்கலாம். பேனல் மெக்கானிக் வந்தால் அது எந்த எண்ணுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். வேறு கிரிட்டுக்கு வைத்த ஃபில்டர் உங்கள் கோட்டைத் தொடாது.

கிரிட்டின் மேல் தூரமும் எழுதியிருக்கும், 100 என்றோ 180 என்றோ. டேபிள் கிரிட்டைச் செஸ்ட் ஸ்டாண்டில் மாட்டிய கதைகள் நிறைய உண்டு. 100-க்கு ஃபோகஸ் செய்த கிரிட்டை 180-ல் பயன்படுத்தினால் இரண்டு ஓரத்திலும் கதிர் வெட்டுப்பட்டு நுரையீரலின் வெளிப்பக்கம் வெளுத்துப்போகும், சாஃப்ட்வேர் அதையும் இழுத்துச் சமன் செய்யப் பார்த்து அங்கேயும் புள்ளியைக் கொண்டுவரும். எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பேட்டைக்காரன்

பார்த்தேன் அக்கா, 180 என்றுதான் இருக்கிறது. பக்கி மோட்டார் சத்தம் போடுகிறது, கிரிட் நகரவில்லை. பெல்ட் தேய்ந்து அறுந்து கிடக்கிறது. வியாழக்கிழமை மெக்கானிக் வருகிறார், அதுவரை 100 எம்ஏயில் ஓட்டுகிறேன்.